தெருவுக்கும் பாதாளச் சாக்கடைக்கும் காசு யார் தருகிறார்கள்? சென்னைக் குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பகுதி 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன்பு பேரூராட்சி. செப்டிக் டேங்க், கழிவுநீர் லாரி, மழை வந்தால் முழங்கால் தண்ணீர் என்று இருந்த தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்து, அப்புறம் தார் ரோடும் வந்தது. அந்த வருடங்களில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளராக இருந்தேன். வீட்டு வாசலிலும் சங்கக் கூட்டத்திலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளும், அவற்றுக்கு நான் தெரிந்துகொண்ட பதில்களும் இவை. பக்கத்துத் தெருக்களில் இப்போதுதான் வேலை தொடங்குகிறது. அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

சொத்து வரி ஒழுங்காகக் கட்டுகிறோம். பிறகு ஏன் சாக்கடை இணைப்புக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள்?

நீங்கள் பணம் கட்டுவது இரண்டு வெவ்வேறு பெட்டிகளில். சொத்து வரி பெருநகர சென்னை மாநகராட்சிக்குப் போகிறது. பாதாளச் சாக்கடையும் குடிநீரும் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் பொறுப்பு. நம் வாயில் அது மெட்ரோ வாட்டர். 1978ல் தனிச் சட்டம் போட்டு உண்டாக்கிய அமைப்பு. அதற்குத் தனி வரி, தனிக் கட்டணம், தனிக் கணக்கு. மாநகராட்சியில் நீங்கள் கட்டிய ஒரு ரூபாய் தானாக வாரியத்தின் குழாய்க்குள் போய்விடாது.

சொத்து வரியும் உங்கள் தெருவுக்கென்று ஒதுக்கிவைக்கப்படும் பணம் இல்லை. குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, மாநகராட்சிப் பள்ளி, மருத்துவமனை, ஊழியர் சம்பளம் எல்லாம் அந்த ஒரே பெட்டியிலிருந்துதான். ரசீதைக் கூர்ந்து பார்த்தால் நூலக வரியும் இருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் “நான் கட்டிய வரிக்கு என் ரோடு எங்கே” என்று கேட்பவர், அந்த வரி எத்தனை இடத்துக்குப் பிரிகிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்டால் அதிகாரியால் எளிதில் மழுப்ப முடியாது.

எது பழுதானால் யாரிடம் போவது?

சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை: மாநகராட்சி. எண் 1913. கழிவுநீர் அடைப்பு, மேன்ஹோல் மூடி, குடிநீர்: மெட்ரோ வாட்டர். எண் 044-4567 4567, அல்லது கட்டணமில்லா எண் 1916. புகார் எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை போகும்போது அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம்.

சாலையிலேயே இரண்டு வகை உண்டு. பேருந்து ஓடும் பெரிய சாலைகளை மாநகராட்சியின் பேருந்து தடச் சாலைகள் துறை பார்க்கும். நம்முடையதைப் போன்ற உட்புறச் சாலைகள் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. நகரத்தில் உட்புறச் சாலைகள் மட்டும் 5,000 கிலோமீட்டருக்கு மேல். பேருந்து தடச் சாலைகளோ சில நூறு கிலோமீட்டர்தான். ஆனால் கண்ணில் படுவது பெரிய சாலை என்பதால் கவனமும் அங்கேதான் முதலில் போகிறது.

2022ல் சொத்து வரி அவ்வளவு ஏறியதே, அந்தப் பணமெல்லாம் தெருவுக்கு வந்ததா?

முதலில் எவ்வளவு ஏறியது என்று பார்ப்போம். சென்னையில் 1998க்குப் பிறகு இருபது வருடம் வரி திருத்தப்படவே இல்லை. 2018ல் ஏற்றிவிட்டு அடுத்த வருடமே நிறுத்திவைத்தார்கள். 2022 ஏப்ரலில் வந்த உயர்வில், பழைய சென்னைப் பகுதிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். 2011ல் சேர்ந்த பகுதிகளுக்கு அதே வரிசையில் 25, 50, 75, 100. பிறகு 2024 செப்டம்பரில் மாமன்றம் 6 சதவீத உயர்வுக்கு ஒப்புதல் கொடுத்தது.

இந்த உயர்வுக்குப் பின்னால் இன்னொரு காரணம் இருக்கிறது. மத்திய வரியை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்று சொல்லும் 15ஆவது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை நிர்ணயித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப அதை ஏற்றவும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அதாவது இங்கே நாம் கட்டுவது அங்கே மத்திய மானியம் வருவதற்கான சாவியும்கூட. இருபத்து நான்கு வருடம் நிலையான உயர்வே இல்லாமல் வைத்திருந்துவிட்டு ஒரே நாளில் ஏற்றியது சரி என்று நான் சொல்ல மாட்டேன். வருடம் ஒரு சிறு தொகையாக ஏறியிருந்தால் ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்களுக்கு இந்த அடி விழுந்திருக்காது.

ஒரு சின்னப் பயன்: அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும், கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய். இதைத் தெரியாமலே கட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள்.

மெட்ரோ வாட்டருக்கு நாம் என்னென்ன கட்டுகிறோம்?

மூன்று வகை. ஒன்று, குடிநீர் மற்றும் கழிவுநீரகற்று வரி. உங்கள் வீட்டுக்கு மாநகராட்சி கணிக்கும் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம், அரையாண்டுக்கு ஒருமுறை. இரண்டு, மாதக் கட்டணம். மூன்று, இணைப்பு எடுக்கும்போது ஒரே ஒரு தடவை கட்டும் இணைப்புக் கட்டணம். மூன்றாவதுதான் பெரிய தொகையாகக் கண்ணில் உறுத்துகிறது. தெருவில் சண்டையும் அதற்காகத்தான் நடக்கிறது.

இவற்றைத் தவிர, நமக்குத் தெரியாமலே கட்டிய பணமும் உண்டு. வீடு வாங்கிப் பத்திரம் பதிந்தபோது கட்டிய 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் சொத்து மாற்று வரி. அது உள்ளாட்சிகளுக்கான பங்கு. பெரிய அடுக்குமாடி என்றால் கட்டுமான நிறுவனம் அனுமதி வாங்கும்போதே அடிப்படை வசதிக் கட்டணம் என்று ஒன்றைக் கட்டியிருக்கும். அதையும் உங்கள் வீட்டு விலையில்தான் சேர்த்திருப்பார்கள். ஆகவே “நான் இதுவரை சாக்கடைக்கு ஒன்றும் தரவில்லை” என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒரு குழாய் புதைக்க இவ்வளவு செலவு எதற்கு?

குடிநீர்க் குழாயில் தண்ணீர் அழுத்தத்தால் ஓடுகிறது. அதனால் ஆழம் அதிகம் வேண்டாம். கழிவுநீர் சரிவில் தானாக இறங்கி ஓட வேண்டும். சென்னையோ தட்டையான கடலோர ஊர். சரிவு கொடுத்துக்கொண்டே போனால் தெருக் கோடியில் தொடங்கும் குழாய் பிரதான சாலைக்கு வரும்போது ஆள் உயரத்துக்கும் கீழே போய்விடும். அங்கே கழிவுநீரேற்று நிலையம் கட்டி, பம்பு வைத்து மேலே தூக்கி, மறுபடி சரிவில் விட வேண்டும். பம்புக்கு ராத்திரி பகலாக மின்சாரம், ஆள்.

தோண்டும்போது நிலத்தடி நீர் ஊறும். அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அஸ்திவாரம் சரியாமல் இருக்கப் பள்ளத்தின் இரு பக்கமும் முட்டுக்கொடுக்க வேண்டும். குறுகலான தெருவில் பெரிய இயந்திரம் நுழையாது. எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோல் வரைகூட வேலை நகராத நாட்கள் இருந்தன. வாசலில் நின்று பார்த்தபோதுதான் எனக்கே அந்தச் செலவின் நியாயம் புரிந்தது.

குழாயின் கடைசியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி ஆகியவை சென்னையின் பெரிய நிலையங்கள். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். ஆலைக்குப் போகும் அந்தத் தண்ணீரின் அளவுக்கு ஏரித் தண்ணீர் நமக்கு மிச்சம். அதோடு வாரியத்துக்கு வருமானம். நம் வீட்டுக் கழிவுநீர் குழாய்க்குள் போய்ச் சேர்ந்தால்தான் இது நடக்கும். கூவத்தில் கலந்தால் நடக்காது.

இவ்வளவு பணமும் நம் வரியிலிருந்தா வருகிறது?

இல்லை. வரியும் கட்டணமும் பெரும்பாலும் அன்றாடப் பராமரிப்புக்கே சரியாகப் போய்விடும். புதிதாகக் கட்டுவதற்கு மூன்று வழிகளில் பணம் வருகிறது.

முதல் வழி மானியம். மத்திய அரசின் அம்ருத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது. அது குடிநீருக்கும் கழிவுநீருக்குமானது. சாலைக்கு மாநில அரசின் நகர்ப்புறச் சாலைத் திட்டங்கள், சிங்காரச் சென்னை 2.0 போன்றவை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். ஒரு சின்னச் சந்துக்குச் சிமென்ட் சாலை போட அதிலிருந்து எடுப்பதுண்டு. ஆனால் பாதாளச் சாக்கடைக்கு அது காணவே காணாது.

இரண்டாவது வழி கடன். மழைநீர் வடிகாலை எடுத்துக்கொண்டால், கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி என்று பணம் வந்திருக்கிறது. மூன்றாவது வழி கடன் பத்திரம். 1998ல் அகமதாபாத் மாநகராட்சி குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக, மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. சென்னை மாநகராட்சி 2025ல் முதல்முறையாக 200 கோடி ரூபாய்க்கு வெளியிட்டது.

கடன் என்றால் வட்டியோடு திருப்ப வேண்டும். யார் திருப்புவது? நாளைக்கு நாம் கட்டப்போகும் வரியும் கட்டணமும்தான். ஆகவே ஒரு வேலை கடனில் நடக்கிறது என்பதற்காக அது இலவசமாக வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கணக்குக் கேட்கும் உரிமை அங்கே இன்னும் கூடுதல்.

மக்களே முன்பணம் போட்டுச் சாக்கடை கொண்டுவந்த ஊர் உண்டா?

உண்டு. தூரத்தில் இல்லை, இன்று சென்னையின் 12ஆவது மண்டலமாக இருக்கும் ஆலந்தூர். இந்தக் கதையை நான் சங்கக் கூட்டத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

1990களில் ஆலந்தூர் தனி நகராட்சி. ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். ஆனால் பாதாளச் சாக்கடை கிடையாது. எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க், லாரி. 1996ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம், தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி முன்னெடுக்க, பாதாளச் சாக்கடை போடுவதென்று முடிவெடுத்தது. மொத்தச் செலவு சுமார் 34 கோடி ரூபாய். நகராட்சியிடம் அவ்வளவு பணம் ஏது?

அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். வீட்டு இணைப்புக்கு வைப்புத்தொகை 5,000 ரூபாய், கடை, நிறுவனம் என்றால் 10,000 ரூபாய். அன்றைக்கு 5,000 என்பது சாமானியக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. குழாய் ஒன்றுகூட இறங்காத நேரத்தில், “முதலில் பணம் கொடுங்கள், பிறகு வேலை” என்று கேட்டார்கள். குடியிருப்போர் நலச்சங்கங்களை உள்ளே இழுத்தார்கள். தெருக் கூட்டம் போட்டார்கள். பணம் வேறு செலவுக்குப் போகாது என்று மக்களை நம்பவைத்தார்கள். நம்பியதால்தான் கட்டினார்கள். மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் அரசு மானியமும். சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் தனியார் தம் முதலீட்டில் கட்டி, சில வருடம் நடத்தி, பிறகு ஒப்படைப்பது என்று ஒப்பந்தம். இந்தியாவில் ஒரு நகராட்சி கழிவுநீருக்கு இப்படிச் செய்தது அதுவே முதல்முறை என்று இன்றும் பேசப்படுகிறது. 2000ல் வேலை தொடங்கியது.

இணைப்பு எடுத்த பிறகு மாதக் கட்டணமும் உண்டு. வீட்டுக்கு 150 ரூபாய் என்பதுதான் முதலில் பேசிய தொகை. இதை வைத்தும் பெரிய விவாதம் நடந்தது. கடனைத் திருப்ப வேண்டும், பம்பு ஓட வேண்டும், இரண்டுக்கும் இந்தத் தொகை இல்லாமல் முடியாது என்று கணக்கை மேசையில் வைத்துப் பேசினார்கள். கணக்கை மறைக்காமல் காட்டியதுதான் ஆலந்தூரின் பலம் என்பது என் எண்ணம். நம் மக்கள் காசு கொடுக்க மறுப்பவர்கள் இல்லை. கொடுத்த காசு எங்கே போனதென்று தெரியாதபோதுதான் கையை மடக்கிக்கொள்கிறார்கள்.

இணைப்புக் கட்டணம் அதிகம். செப்டிக் டேங்கே போதும் என்று விட்டுவிடலாமா?

தெருவில் கழிவுநீர்க் குழாய் வந்து பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டால் இணைப்பு எடுத்துத்தான் ஆக வேண்டும். சட்டத்தை விடுங்கள், வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். ஒரு லோடு லாரிக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குடும்பம் இருக்கும் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் வருடத்துக்கு 6,000. ஐந்து வருடத்தில் 30,000. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி டேங்க் நிரம்பினால் மாதம் இரண்டு தடவைகூடக் கூப்பிட நேரும். போர் தண்ணீர் நாறத் தொடங்கினால் கேன் தண்ணீர்ச் செலவு தனி.

முழுத் தொகையும் ஒரே நேரத்தில் புரட்ட முடியாதவர்களுக்குத் தவணை உண்டு. ‘இல்லந்தோறும் இணைப்பு’, ‘அழைத்தால் இணைப்பு’ என்ற பெயர்களில் மெட்ரோ வாட்டர் நடத்தும் திட்டங்களைப் பற்றி உங்கள் பகுதி அலுவலகத்தில் கேளுங்கள். சின்ன வீட்டில் வாழும் ஏழைக் குடும்பத்துக்குச் சலுகையும் இருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதைச் சங்கம் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினோம்.

வீட்டுக்குள் இருக்கும் குழாய், ஆய்வுத் தொட்டி, பிளம்பர் கூலி உங்கள் செலவு. இதையும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு திண்டாடுகிறார்கள்.

புதுத் தார் ரோடு போட்ட நான்காம் மாதமே தோண்டிவிட்டார்கள். இதற்கு யார் பணம் கொடுப்பது?

நாம்தான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. எங்கள் தெருவிலேயே இது நடந்தது. நல்ல ரோடு, பிள்ளைகள் மாலையில் சைக்கிள் விட்டார்கள். நான்கே மாதத்தில் நட்டநடுவில் ஒரு கோடு போட்டுத் தோண்டினார்கள்.

விதிப்படி, மாநகராட்சிச் சாலையைத் தோண்டும் எந்த நிறுவனமும் அனுமதி வாங்க வேண்டும், சாலையைத் திரும்பச் சீரமைக்கும் செலவை முன்கூட்டியே மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது அனுமதி கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். சரி, குடிநீர் வாரியமோ மின்வாரியமோ அந்தப் பணத்தை எங்கிருந்து கட்டும்? நம் கட்டணத்திலிருந்து. ஆக முதல் ரோட்டுக்கு ஒரு தடவை சொத்து வரியாகக் கொடுத்தோம். அதே ரோட்டை ஒட்டுப்போட இன்னொரு தடவை தண்ணீர்க் கட்டணமாகவோ மின் கட்டணமாகவோ கொடுக்கிறோம். ஒட்டுப்போட்ட ரோடு ஒரு மழைக்கு மேல் தாங்காது, அப்போது மூன்றாவது தடவை.

இதைத் தவிர்க்க வரிசைதான் வழி. முதலில் பாதாளச் சாக்கடை, ஏனென்றால் அதுதான் ஆழத்தில் போகிறது. அடுத்து குடிநீர்க் குழாய். பிறகு மின் கேபிள், இணைய கேபிள். பிறகு மழைநீர் வடிகால். எல்லா வீட்டு இணைப்பும் முடிய வேண்டும். பள்ளத்தில் போட்ட மண் ஒரு மழைக்காலம் கண்டு இறுகட்டும். அதுவரை ஜல்லி போட்டு ரோலர் ஓட்டிய தற்காலிகச் சாலையே போதும். கடைசியில் தார்.

இதில் நம் பக்கத்துத் தவறும் ஒன்று இருக்கிறது. பிரதான குழாய் இறங்கிவிடும். பாதி வீடுகள் பணம் கட்டி இணைப்பு எடுக்கும். மீதிப் பாதி “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று இருக்கும். ரோடு வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் பணம் கட்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் ரோடு குறுக்கே வெட்டப்படும். இரண்டாம் தடவை எங்கள் தெருவில் ரோடு போட வந்தபோது இன்னும் பதினொரு வீடுகள் இணைப்பு எடுக்கவில்லை. “இந்தப் பதினொன்றும் முடியட்டும், அப்புறம் போடுங்கள்” என்று சங்கத்தின் பெயரில் எழுதிக்கொடுத்தோம். ரோடு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறாயே என்று என்னைத் திட்டியவர்கள் உண்டு. பதினொரு வீட்டுக்கும் போய்ப் பேசினோம். இரண்டு மாதம் தள்ளிப்போனது. அந்த ரோடு இன்றுவரை வெட்டுப்படாமல் இருக்கிறது.

ரோடு போடப்போட வீடு பள்ளத்துக்குப் போகிறதே?

பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசு போடுவதால் வரும் வினை. சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவு அனுப்பினார். உங்கள் தெருவில் சுரண்டும் இயந்திரம் வராமல் நேராகத் தார் லாரி வந்தால், வேலை தொடங்கும் முன்பே உதவிப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். தார் காய்ந்த பிறகு பேசிப் பயனில்லை. வாசல் படியின் உயரத்தை ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள்.

எங்கள் தெரு மாநகராட்சிக் கணக்கிலேயே இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

2011ல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என்று 42 உள்ளாட்சிகள் சென்னையோடு சேர்ந்தன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அந்தப் பகுதிகளில் பழைய மனைப்பிரிவுகள் நிறைய. மனை போட்டவர் தெரு நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் போயிருந்தால் அந்தத் தெரு காகிதத்தில் இன்னும் தனியார் நிலம். தனியார் நிலத்தில் அரசுப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று கோப்பைத் திருப்பிவிடுவார்கள்.

முதலில் மனைப்பிரிவு வரைபட நகலை எடுங்கள். தானப் பத்திரம் உண்டா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மனை போட்டவரையோ அவருடைய வாரிசுகளையோ கண்டுபிடித்து எழுதி வாங்க வேண்டும். கடினம்தான். எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஒன்றரை வருடம் ஆனது. ஆனால் இதைச் செய்யாமல் வருடாவருடம் மனு கொடுப்பதில் பொருளில்லை.

நாமே வசூல் செய்து ரோடு போட்டுக்கொள்ளலாமா?

சொந்தமாக ஆள் வைத்துப் பொதுச் சாலையில் வேலை செய்யக் கூடாது. மட்டம் தவறினால் பக்கத்துத் தெருவில் தண்ணீர் நிற்கும். முறையான வழி ‘நமக்கு நாமே’ திட்டம். பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். நீர்நிலை வேலை என்றால் பாதி. உங்கள் வேலை அந்தத் திட்டத்துக்குள் வருமா என்று மண்டல அலுவலகத்தில் எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே வசூலைத் தொடங்குங்கள். ரொக்கமாக யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

வசதியான தெருக்கள் பங்குபோட்டு வேலையை வாங்கிக்கொள்ள, குடிசைப் பகுதிகள் காத்துக்கொண்டே இருக்கும் நிலை வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு உண்டு. மரம், பூங்கா, கேமரா இதற்கெல்லாம் பங்குபோடலாம். சாக்கடை எல்லோருக்கும் வர வேண்டியது.

வாடகைக்கு இருப்பவர்கள் என்ன கட்ட வேண்டும்?

வரியும் இணைப்புக் கட்டணமும் உரிமையாளருடையவை. இணைப்புக் கட்டணத்தை வாடகைதாரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அது வீட்டின் மதிப்பைக் கூட்டுகிறது, அந்த மதிப்பு உரிமையாளருக்குத்தான். மாதக் கட்டணத்தை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டால் செலவு மிச்சம்தானே?

கூடவே கூடாது. குற்றம், அபராதம் உண்டு. அது நேராகக் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகிறது. இதற்கு நேரெதிரான தவறையும் பலர் செய்கிறோம்: மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது. கழிவுநீர்க் குழாயின் அளவு வீட்டுக் கழிவுக்குக் கணக்குப் போட்டது. மழைநீரும் சேர்ந்தால் தாழ்வான வீட்டின் கழிவறையில் பொங்கி வரும்.

அடைப்பு எடுக்க ஆளை இறக்கினால் சீக்கிரம் முடியும் என்கிறார்களே?

ஒருபோதும் செய்யாதீர்கள். செப்டிக் டேங்குக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் விஷவாயு தாக்கி இறந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மனிதரே கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் குற்றவாளி. இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணத்தை விடுங்கள், ஓர் உயிர். ஜெட் அடிக்கும் வண்டியும் உறிஞ்சும் வண்டியும் மெட்ரோ வாட்டரிடம் இருக்கின்றன. வர ஒரு நாள் தாமதமானால் ஒரு நாள் பொறுத்துக்கொள்வோம்.

எங்கள் தெருவுக்கு எவ்வளவு செலவானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேலைக்கு முன்பு: ஒப்பந்தப்புள்ளிகள் தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் இருக்கும். வார்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். 2022 முதல் வார்டுகளைப் பிரித்துப் பகுதி சபைகள் அமைத்திருக்கிறார்கள். உள்ளாட்சி தினமான நவம்பர் 1 போன்ற நாட்களில் கூட்டம் நடக்கும். கவுன்சிலரும் அதிகாரிகளும் வருவார்கள். அங்கே கேட்ட கேள்வி பதிவாகும்.

வேலைக்குப் பிறகு: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். “ரோடு ஏன் மோசம்” என்று எழுதினால் பதில் வராது. நாங்கள் எழுதியது இப்படி: இந்தத் தெருச் சாலை வேலையின் மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதியிலிருந்து? தாரின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒப்பந்தத்தில் உள்ளது, நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது? ஒப்பந்தக்காரர் சொந்தச் செலவில் பழுதுபார்க்க வேண்டிய காலம் எந்தத் தேதியில் முடிகிறது? கடந்த மூன்று வருடத்தில் இந்தத் தெருவில் சாலை வெட்ட யார் யாருக்கு அனுமதி கொடுத்தீர்கள், அவர்கள் கட்டிய சீரமைப்புத் தொகை எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்கு வந்த பதிலில் எங்கள் ரோட்டுக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. அந்தக் கடிதத்தின் நகலை இணைத்து மனு கொடுத்தோம். பத்தாவது நாள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து, தெரு முனையில் உள்வாங்கியிருந்த இடத்தைத் தோண்டி, ஜல்லி நிரப்பித் தார் போட்டுவிட்டுப் போனார்கள். நமக்கு ஆன செலவு அந்த 10 ரூபாயும் தபால் தலையும்தான்.